பிடரியில் கடற்காற்று

1

அக்கரையிலிருந்து ஊருக்கு எழுதுகிறவர்கள் நலமாக இருக்கிறேன் என்று தொடங்குவது மரபு. நானும் நலமாகவே இருக்கிறேன். எழுபத்தாறு வயதில் எனக்குச் சர்க்கரை இல்லை, கைத்தடி இல்லை, காதில் கருவி இல்லை. வீட்டு வேலைகளை நானே செய்துகொள்கிறேன். சட்டைக்கு நானே இஸ்திரிப் பெட்டி போடுகிறேன். இவற்றை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. பின்னால் வரும் செய்தியைப் படித்துவிட்டுக் கோட்டைப்பட்டினத்தில் எவரும் என்னைப் பற்றி இரக்கக் குரலில் பேசிக்கொள்ளக் கூடாது.

நம் ஊர் ஆண்டு மலருக்கு இதுவரை பதினொரு கட்டுரைகள் அனுப்பியிருக்கிறேன். பினாங்குத் துறைமுகம் பற்றி, இங்குள்ள பள்ளிவாசல்கள் பற்றி, நம்மவர்கள் வைத்திருந்த கடைகள் பற்றியெல்லாம் எழுதினேன். எதிலும் என் சொந்த விஷயம் ஒரு வரிகூட இருந்ததில்லை. இந்த முறை சொந்த விஷயம் மட்டுமே இருக்கிறது. குழுவினர் விரும்பினால் வெளியிடலாம். சுருக்க மட்டும் வேண்டாம்.

என்னை அறியாத இளைய தலைமுறைக்காக இரண்டு வரி. திருச்சியில் புவியியல் பட்டம் பெற்றவன். என் தந்தை, அத்தா, பினாங்கில் மளிகைக் கடை வைத்திருந்தார்கள். கடையில் உட்காருவதற்கென்று என்னை வரவழைத்தார்கள். நான் உட்காரவில்லை. ஒரு நில அளவை அலுவலகத்தில் வரைவாளனாகச் சேர்ந்தேன். கடைசிப் பதினான்கு ஆண்டுகள் பிறர் வரைந்த படங்களைச் சரிபார்ப்பது என் பணி. பிழை இருந்தால் சிவப்புப் பென்சிலால் சுழித்துத் திருப்பி அனுப்புவேன். பிழையே இல்லாத தாளின் மூலையில் ‘திருத்தம் இல்லை’ என்று எழுதிச் சுருக்கொப்பம் இடுவேன். அப்படி எழுதிய தாள்கள் மிகவும் குறைவு. அதற்காக என்னை யாரும் நேசிக்கவில்லை. நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

எங்கள் குடியிருப்பில் சிறிய தொழுகைக்கூடம் எழுப்பியபோது மக்காவை நோக்கும் திசையான கிப்லாவைக் குறித்துக் கொடுத்தவன் நான். கயிற்றின் ஒரு முனையை இமாம் பிடித்திருந்தார். மறுமுனையில் என் திசைகாட்டி இருந்தது. அண்மைவரை அக்கம்பக்கத்தில் புதுவீடு புகுகிறவர்கள் எந்தப் பக்கம் தொழுவது என்று கேட்டு வருவார்கள். கைப்பேசியே காட்டிவிடும் காலத்தில் வயதானவரை மதிப்பதற்காகக் கேட்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் சட்டை மாற்றிக்கொண்டு திசைகாட்டியோடு போய்வருவேன்.

2

என் மனைவி சபுரா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவள் கட்டுமாவடிக்காரி என்பது ஊரில் பலருக்குத் தெரியும். இருவராக இருந்த வீட்டில் அதன்பின் ஒருவனாக இருந்தேன்.

எங்களுக்கு ஒரே மகள் ஜரீனா. கோலாலம்பூரில் பல் மருத்துவராக இருக்கிறாள். தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. அவள் மகளுக்குத் தமிழ்ப் பேச்சும் இல்லை. அந்தக் குழந்தை என்னை இங்குள்ள வழக்கப்படி ‘தோக்’, அதாவது தாத்தா, என்கிறாள். தொலைபேசியில் ‘தோக், சாப்பாடு?’ என்று கேட்பாள். ‘ஆச்சு’ என்பேன். அத்தோடு எங்களுக்குப் பொதுவான சொற்கள் தீர்ந்துவிடும். இருவரும் சற்று நேரம் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்போம்.

தாயை அடக்கம் செய்த வாரத்திலேயே, கோலாலம்பூருக்கு வந்துவிடுங்கள் என்று ஜரீனா கேட்டாள். மறுத்தேன். சென்ற நோன்புக்கு முன்னால் ஒரு நாள் சந்தையிலிருந்து திரும்பும்போது வேறொரு பேருந்தில் ஏறிவிட்டேன். கடைசி நிறுத்தம் வரை போய், நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வேறு பேருந்தில் வந்து சேர்ந்தேன். பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி அக்கறையோடு அதை ஜரீனாவுக்குத் தெரிவித்துவிட்டார். மறுநாளே வந்து நின்றாள்.

“அத்தா, இது மொத தடவைன்னு எப்படி நம்புறது?”

“பஸ் நம்பர மாத்திட்டான். அது அவன் தப்பு.”

“எல்லாரும் அந்த நம்பரப் பாத்துத்தானே ஏறுறாங்க?”

“இங்க பாரும்மா. வழி தவறுறது வேற, தெச தவறுறது வேற. அந்தக் கடைசி ஸ்டாப்புல எறங்கி நின்னப்பக்கூட வீடு எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருசம் நான் பாத்த வேல அது. என்னைக்கு எனக்குத் தெச தவறுதோ, அன்னைக்கு ஒரு வார்த்த பேசாம ஒன் வீட்டுக்கு வாரேன்.”

“சத்தியமா?”

“நான் சொன்னாப் போதாதா?”

அவள் போதும் என்றாள். இழக்க வாய்ப்பே இல்லாத ஒன்றைத்தான் பணயம் வைத்தோம் என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

3

நம் மாவட்டத்துக் கடற்கரையில் மலை இல்லை. கோட்டைப்பட்டினத்தில் ஏறி நின்று பார்க்க வேண்டுமானால் பள்ளிவாசல் மாடிதான். நிலம் தட்டை, கடலும் தட்டை. கடல் கிழக்கே இருக்கும். அதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. நம் ஊரில் பந்தியில் உட்காரச் சொல்லும்போதுகூட “கடப்பக்கமா தள்ளி ஒக்காருங்க” என்பார்களே தவிர, இடம் வலம் சொல்வதில்லை. தொழுகையில் நிற்கும்போது கடல் நமக்குப் பின்னால் இருக்கும். அஸர் எனும் பிற்பகல் தொழுகை வேளையில் பின்வாசல் வழியாக வரும் காற்று பிடரியில் படும். நான் தொழக் கற்றுக்கொண்டது அந்தக் காற்றில்.

பினாங்குத் தீவின் மேற்குப் பக்கம் அதற்கு நேர்மாறு. பாலிக் பூலாவ் ஊரைத் தாண்டிக் கடலோரமாக எழும் மலைகளில் ஏறினால் கடல் மேற்கே கிடக்கும். எங்கள் திருமண நாளில் ஆண்டுதோறும் சபுராவும் நானும் அங்குள்ள ஒரு மலையில் ஏறுவோம். ஜாதிக்காய்த் தோட்டங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு சமதளப் பாறை, பக்கத்தில் ஊற்று. தேங்காய்ச் சோறும் மாசிச் சம்பலும் கட்டிக்கொண்டு போவோம். ஊற்றில் கைகால் முகம் கழுவி ஒளு எடுத்து, பாறையில் அஸர் தொழுவோம். நான் முன்னால், அவள் பின்னால்.

முதல் முறை ஏறியபோது அவள் சிரித்தது நினைவிருக்கிறது.

“ஏங்க, ஊருல கடலு நம்ம முதுகுக்குப் பின்னாடி ஒக்காந்திருக்கும். இங்க பாருங்க, இமாமு மாதிரி முன்னால வந்து நிக்கிது.”

“தொழுற எடத்துல என்ன சிரிப்பு?”

“இப்படியே நேராப் போனா நம்ம ஊரு. அதையுந் தாண்டிப் போனா மக்கா. ஒரே ரோடு. நீங்க மேப்புல போட்டு வச்சுக்கங்க.”

அவள் சொன்னது ஏறக்குறையச் சரி. சில பாகைகள் வித்தியாசம் உண்டு. அன்று அந்தப் பாகைகளைச் சொல்லித் திருத்தினேன். இப்போது எண்ணிப்பார்க்கையில் தேவையற்ற திருத்தம்.

அவள் போன பிறகு இரண்டு ஆண்டுகள் நான் மலைக்குப் போகவில்லை. இந்த ஆண்டு போவதென்று முடிவு செய்தேன். ஜரீனாவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது கட்டாயம் என்று எங்கள் ஒப்பந்தத்தில் இல்லை.

4

பாதை தொடங்கும் இடத்தில் முன்பு ஒரு பலாமரம் நிற்கும். இப்போது அங்கே கார் நிறுத்தும் மைதானமும், கண்ணாடி அடைத்த நுழைவுச்சீட்டு அறையும் இருக்கின்றன. மலையின் மேல்பாதியை ஓர் உல்லாச விடுதி எடுத்துக்கொண்டுவிட்டது. இரண்டு வரிசைகள்: குடிமக்களுக்கு ஒன்று, வெளிநாட்டவருக்கு ஒன்று. நான் குடிமக்கள் வரிசையில் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மலாய்ப் பெண் என் சிவப்பு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிவப்பு அட்டை என்பது நிரந்தரவாசிக்குரியது. குடிமகனுக்கு நீலம்.

குடிமகனா, இல்லையா என்று மலாயில் கேட்டாள்.

நிரந்தரமாக வசிப்பவன் என்றேன். ஐம்பதாண்டுக்கு மேலாக என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவள் முன் இருந்த கணினியில் அந்த வகைக்கு இடமில்லை போலும். பக்கத்து அறையில் கேட்டுவிட்டு வந்து, வெளிநாட்டவர் வரிசையில் நில்லுங்கள் அங்கிள் என்றாள். நான் மறுப்புரை நிகழ்த்தினேன். என் மலாய் அலுவலகத்தில் கற்றது. இலக்கணப் பிழை இல்லாதது. பின்னால் நின்ற இளைஞர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். நான் வானொலிச் செய்தி வாசிப்பதைப் போலப் பேசுகிறேன் என்று ஜரீனாகூடச் சொல்வதுண்டு. வரிசை மாறி நின்றேன்.

பிறகு ஒரு படிவம். பெயர், வயது, நோய் உண்டா, அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டிய தொலைபேசி எண். ஜரீனாவின் எண்ணை எழுத விருப்பமில்லை. கை பழக்கத்தில் எங்கள் வீட்டு எண்ணை எழுதியது. இத்தனை ஆண்டுகளாக எல்லாப் படிவங்களிலும் அதைத்தான் எழுதி வந்திருக்கிறேன். கொடுத்துவிட்டு நான்கு அடி நடந்த பிறகே, அந்த எண் அடித்தால் எடுக்க வீட்டில் ஆள் இல்லை என்பது உறைத்தது. திரும்பிப் போய்த் திருத்தவில்லை.

மேலே போகச் சிறிய மின்வண்டி இருந்தது. நடந்துதான் போவேன் என்றதும் காவலாளி என் காலணியைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

நடைபாதையின் தொடக்கத்தில் எல்லாம் எனக்குத் தெரிந்ததாகவே இருந்தது. ஈரச் சருகின் வாடை, வேலிமேல் குந்தியிருந்த குரங்கு, உதிர்ந்து வெடித்த ஜாதிக்காயின் சிவப்புப் பத்திரி. ஆனால் கால்மணி நேரத்தில் பாதை ஒரு சிமெண்டுத் தடுப்புச் சுவரில் முட்டி நின்றது. சுவருக்கு மேலே தார்ச்சாலை. மலையைப் படிக்கட்டாக வெட்டிச் சாலை போட்டிருந்தார்கள். வெட்டுப்பட்ட மண் பச்சை இறைச்சியின் நிறத்தில் இருந்தது. சரியாமலிருக்க அதன்மேல் நீல நிறத் தார்ப்பாய் விரித்திருந்தார்கள்.

இதற்காக நான் விடுதிக்காரர்களைத் திட்டி எழுதுவேன் என்று வாசகர்கள் எதிர்பார்க்கலாம். அந்த உரிமை எனக்கு இல்லை. ஓய்வு பெறுவதற்கு முந்தின ஆண்டு இந்த மலைக்குச் சாலை திட்டமிடும் வரைபடம் ஒன்று என் மேசைக்கு வந்தது. சம உயரக் கோடுகளைச் சரிபார்த்தேன். இரண்டு இடங்களில் சுழித்துத் திருப்பினேன். திருத்தி வந்ததும் ஒப்பமிட்டேன். ஒற்றையடிப் பாதைகளை அந்த அளவிலான வரைபடத்தில் காட்டுவதில்லை. பாறையும் ஊற்றும் அதில் இல்லை. இல்லாததைக் கவனிப்பது என் பணியில் சேர்ந்ததல்ல என்று அன்று நினைத்திருப்பேன். எதையும் நினைக்காமலும் இருந்திருப்பேன்.

சுவரைச் சுற்றி, வடிகாலைத் தாண்டி, ஏலத்துக்கு விட்ட தோட்டம் ஒன்றின் கம்பிவேலியை ஒட்டி நடந்தேன். மூன்று இடங்களில் உட்கார்ந்தேன். வழக்கமாக ஒன்றரை மணி நேரத்தில் ஏறிவிடுவோம். அன்று மூன்று மணி நேரத்துக்கு மேலாயிற்று. நடுவே ஒரு மழை பிடித்து விட்டது. வானம் ஒரே சாம்பல் நிறமாகி, மலையின் பக்கங்கள் எல்லாம் ஒன்றுபோல ஆயின. சாலை வளைந்து வளைந்து போனதில் எத்தனை முறை திரும்பினேன் என்ற கணக்கும் விட்டுப்போயிற்று. பேச ஆள் இல்லாத நடையில் மூச்சுச் சத்தம் பெரிதாகக் கேட்கும். “கொஞ்சம் நில்லுங்க” என்று முன்பெல்லாம் அவள் சொல்வாள். அவளுக்காக நிற்பதாக நினைத்து நின்றிருக்கிறேன். எனக்காகத்தான் சொல்லியிருக்கிறாள் என்று அன்று முழங்கால் எனக்கு எடுத்துச் சொல்லிற்று.

5

பாறை இல்லை. அது இருந்த இடத்தில் மரப்பலகை பாவிய பெரிய மேடை இருந்தது. அதன் விளிம்பில் ஆளுயர எழுத்துகளில் மலையின் பெயரும் ஓர் இதயமும். மக்கள் வரிசையில் நின்று, தங்கள் முறை வந்ததும் அந்த எழுத்துகளுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் கடலுக்கு முதுகு காட்டி நின்று சிரித்தார்கள். கடலைப் பார்த்து நின்றவர் எவரையும் காணோம். ஊற்று இருந்த மூலையில் காப்பிக் கடை. கைகழுவக் குழாய் இருந்தது.

அஸர் நேரம் வந்து வெகு நேரமாகியிருந்தது. குழாயில் ஒளு எடுத்தேன். மேடையின் ஓரமாக, பூச்சட்டிகளுக்குப் பின்னால் ஆளில்லாத இடம் கிடைத்தது. பையில் தொழுகைப் பாய் இல்லை, துண்டுதான் இருந்தது. வீட்டிலுள்ள பாயை எடுத்துவர மனம் வரவில்லை. அது சபுரா கடைசியாக விரித்தபடியே முன்னறையில் கிடந்தது. மூன்று ஆண்டுகளாக அதன்மேல்தான் தொழுதுவந்தேன், மடித்ததில்லை.

துண்டை விரித்தேன். காற்று வந்தது. மழைக்குப் பிந்திய, உப்பு வாடையுள்ள காற்று. பிடரியில் பட்டது. உடம்பு தானாக நிலைகொண்டது. கைகளை உயர்த்தித் தக்பீர் கட்டினேன். இவ்வளவு நிறைவாக வெகுநாளாகத் தொழுததில்லை என்று தோன்றியது. தொழுகையின் நான்கு ரக்அத்தும் முடித்து ஸலாம் கொடுத்தபோது, ஒருவர் சற்றுத் தள்ளித் துடைப்பத்தோடு காத்து நின்றார். ஐம்பதை நெருங்கிய வயது. விடுதியின் பச்சைச் சட்டை. என் முகத்தைப் பார்த்துத் தமிழிலேயே பேசினார்.

“ஐயா, தப்பா நெனச்சுக்கிறாதீங்க. ஒண்ணு சொல்லலாங்களா?”

“சொல்லுங்க.”

“இங்க எங்ககூட வேல பாக்குற பாய்மாரு நாலஞ்சு பேரு இதே எடத்துலதான் தொழுவாக. அவுக எல்லாரும் கடலப் பாத்துல்ல நிப்பாக. நீங்க மலையப் பாத்து நிக்கிறீங்க.”

நான் எழுந்து நின்றேன். எழுவதற்குச் சற்று நேரமாயிற்று.

“மேக்க பாத்துத்தான் நின்னேன்.”

“கடலு அங்கிட்டு இருக்குங்களே, ஐயா.”

“கடல் கிழக்க இருந்தா நான் மேக்க பாக்குறேன்னுதானே அர்த்தம்? எனக்குத் தெச தெரியும். சர்வே ஆபீசுல முப்பத்தொரு வருசம் இருந்தவன்.”

“ஒங்களுக்குத் தெரியாம இருக்குங்களா” என்று அவர் பணிவாக ஒப்புக்கொண்டார். “ஆனா பொழுது அங்கிட்டுல்ல எறங்குது.”

அவர் துடைப்பத்தின் காம்பால் காட்டினார். என் முதுகுக்குப் பின்னால், கடலுக்கு மேலே, மேகம் ஓரிடத்தில் கிழிந்து சூரியன் வெளியே வந்துகொண்டிருந்தது.

நெடுநேரம் பார்த்தேன். ஐம்பதாண்டுகளாகப் பார்த்த கடல். அதற்கு முதுகையும் மலைக்கு முகத்தையும் காட்டி நான்கு ரக்அத் தொழுதிருக்கிறேன். ஒரு நிமிடமாவது சந்தேகம் வந்ததா என்று என்னையே விசாரித்துப் பார்த்தேன். வரவில்லை. கோட்டைப்பட்டினத்துப் பள்ளிவாசலில் நிற்பதாகவே உடம்பு உறுதியாக நம்பியிருந்தது. கொடுமை அந்த உறுதியில்தான் இருந்தது.

“ஒக்காருங்கய்யா. முகமெல்லாம் வேர்க்குது. எந்த ஊருங்க நமக்கு?”

“கோட்டப்பட்டினம்.”

“அட! அதானே பாத்தேன்!” அவர் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு எதிரில் குந்தினார். “நான் ஆலங்குடிப் பக்கங்க, முருகேசன். கடலு கெழக்கதான் இருக்கணும்னு ஒங்களுக்கெல்லாம் ரத்தத்துலயே ஊறிப்போயிருக்கும். எங்களுக்கு அந்தத் தொல்லயே இல்ல. ஆலங்குடியில கடலும் கெடயாது, மலையும் கெடயாது. புதுக்கோட்ட பஸ்ஸு எங்கிட்டுப் போகுதோ அதான் எங்களுக்குத் தெச.”

சிரிக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். சிரித்துவிட்டேன்.

“கூட யாரும் வரலீங்களா?”

“இல்ல.”

“வண்டிக்குச் சொல்லவா? சும்மாவே எறக்கி விட்ருவாங்க.”

“வேண்டாம். நடந்து வந்தேன், நடந்துதான் போவேன்.”

“செரி, அப்ப எனக்கும் வேல முடியப்போவுது. நானும் கீழதான் போறேன். நீங்க முன்னால போங்க, நான் பின்னால வாரேன். நம்ம ரெண்டு பேருக்கும் சம்பந்தமே இல்ல. போதுமா?”

போதும் என்றேன்.

6

திசை தவறித் தொழுதது தெரியவந்தால், நேரம் இருக்கும்போது திரும்பத் தொழ வேண்டும். சிறுவயதில் ஓதிய பாடம். முருகேசன் தளவாடங்களை வைத்துவிட்டு வரப் போயிருந்தார். துண்டை எடுத்து மறுபடியும் விரித்தேன்.

விரிக்கும்போதுதான் கை நின்றது.

இந்த மலையில் அன்றுவரை நான் எதையும் விரித்ததில்லை. பையிலிருந்து பாயை எடுத்து, உதறி, பாறையில் போட்டு, கால்மாட்டைச் சற்று இழுத்துச் சரிசெய்தவள் சபுரா. நான் ஊற்றில் ஒளு எடுத்துவிட்டு வருவதற்குள் பாய் தயாராக இருக்கும். அதன்மேல் ஏறி நின்று அல்லாஹு அக்பர் சொல்வேன். வீட்டிலும் அப்படித்தான். வாடகைக்கு மாறிய வீடுகளில், ஜரீனா பிறந்த மருத்துவமனையின் தாழ்வாரத்தில், ஒரு முறை கப்பலின் மேல்தளத்தில் எல்லாம் அவள் விரித்தாள், நான் நின்றேன். ஊராருக்கெல்லாம் திசைகாட்டி வைத்துத் திசை சொல்லிக் கொடுத்தவன், தன் தொழுகைக்கு ஒரு நாளும் திசை தேடியதில்லை. அவள் எதை வைத்துக் கண்டுபிடித்தாள் என்று கேட்டதும் இல்லை. திசை தெரிந்தவன் நான் என்ற எண்ணத்தில் எங்கள் இருவருக்கும் ஒரு நாளும் ஐயம் வந்ததில்லை. அவளுக்கு வந்திருக்கலாம். சொல்லவில்லை.

கடலைப் பார்த்துத் தொழுதேன். காற்று முகத்தில் அடித்தது. கண் எரிந்தது. பின்னால் யாரும் நிற்கவில்லை என்பது ஒவ்வொரு அசைவிலும் தெரிந்தது.

இறங்கும்போது பாதி வழியில் கைப்பேசி ஒலித்தது. முருகேசன் சொன்னபடியே இருபது அடி பின்னால் வந்துகொண்டிருந்தார். நான் நின்றதும் அவரும் நின்று, பள்ளத்தாக்கை ரசிக்கிறவர் போலத் திரும்பிக்கொண்டார்.

“அத்தா, எங்க இருக்கீங்க? வீட்டு போனு அடிச்சுக்கிட்டே இருக்கு. இன்னைக்கு உங்க கல்யாண நாளு, அதான் கூப்பிட்டேன்.”

“மலையில இருக்கேன்.”

“தனியாவா?”

“தனியாத்தான்.”

மூச்சை இழுத்துவிடும் சத்தம் கேட்டது. “செரி. பத்திரமா இருக்கீங்கல்ல? வழியெல்லாம் தெரிஞ்சுதா?”

வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆம் என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் ஆகாது. வழி தெரிந்துதான் ஏறினேன், இறங்கிக்கொண்டும் இருக்கிறேன். நடந்ததை அறிந்தவர் ஆலங்குடிக்காரர் ஒருவர் மட்டும். அவருக்கு என் மகளைத் தெரியாது. இந்த மலர் ஜரீனாவின் கைக்குப் போனாலும் அவளால் வாசிக்க முடியாது. என் வீடும் என் திறவுகோலும் என்னிடமே இருந்திருக்கும்.

“வழி தெரிஞ்சுதும்மா. தெச தவறிப் போச்சு.”

“என்னத்தா?”

“மலையப் பாத்துத் தொழுதுட்டேன். கடலுக்கு முதுகு காட்டிக்கிட்டு. நாலு ரக்அத்தும். ஊருல நிக்கிறதா நெனச்சுட்டேன்.”

பின்னணியில் குழந்தையின் குரல் கேட்டது, பிறகு கதவு சாத்தும் ஓசை.

“அது... யாருக்கும் வர்றதுதான், அத்தா. களைப்பா இருந்திருக்கும். அதையெல்லாம் நான் கணக்குல வைக்க மாட்டேன்.”

“நீ வைக்க மாட்டே. நான் சொன்ன வார்த்தை, நான் வைப்பேன்.”

“அத்தா...”

“சனிக்கெழம வா. சாமான் கட்டணும்.”

7

முகவரி மாற்றுவதற்குக் கடந்த வாரம் பதிவு அலுவலகம் போனோம். சிவப்பு அட்டைக்காரர் வீடு மாறினாலும் தெரிவிக்க வேண்டும். படிவத்தில் ‘மாறுவதற்கான காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ஜரீனா என்னைப் பார்த்தாள். ‘குடும்பம்’ என்று மலாயில் நானே எழுதினேன். அவசரத் தொடர்புக்கு அவள் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டேன். ஐம்பதாண்டில் எனக்கு மனப்பாடமாகாத முதல் எண் அது. இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அதற்கு முந்திய சனிக்கிழமையே, சொன்னபடி, பெட்டிகள் கட்டி முடிந்தன. முன்னறையில் பாய் மட்டும் கிடந்தது.

“மடிக்கவா, அத்தா?” என்றாள் ஜரீனா.

“கொஞ்சம் இரு.”

அலமாரியிலிருந்து திசைகாட்டியை எடுத்தேன். அலுவலகத்தில் விடைகொடுத்தபோது தந்த பித்தளைத் திசைகாட்டி. இந்த வீட்டில் அதைப் பயன்படுத்தியதே இல்லை. பாயின் ஓரத்தை ஒட்டிக் குனிந்து, முள் அடங்கும்வரை பொறுத்திருந்து பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். ஜரீனா பக்கத்தில் குந்தியிருந்தாள்.

பிறகு அவள் ஒரு முனையையும் நான் ஒரு முனையையுமாகப் பிடித்துத் தூக்கினோம். தரையின் சிவப்பு மற்ற இடங்களில் சாளர வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. பாய்க்கு அடியில் மட்டும் பழைய நிறம் அப்படியே இருந்தது. பாயின் அளவில் ஒரு செவ்வகம், மேற்கிலிருந்து சற்றே வடக்காக, மக்காவுக்கு நேராக.

சட்டைப் பையில் சிவப்புப் பென்சில் இருந்தது, பழக்கம் விட்டதில்லை. முழங்காலை ஊன்றிக் குனிந்து, அந்தச் செவ்வகத்தின் மூலையில், வீட்டுக்காரர் மறுநாள் துடைத்துவிடப்போகும் தரையில், ‘திருத்தம் இல்லை’ என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டேன்.

“என்னத்தா எழுதியிருக்கீங்க?” என்று கேட்டாள் என் மகள்.

படித்துக் காட்டினேன்.